அடுக்கில் மேலே இருக்கும் லுங்கி

பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் வார இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் பலகைக்கு முன்னால் நின்று, மேலே கிடப்பதை எடுத்து அடியில் செருகிவிட்டுத்தான் மோகனப்ரியா டீ சொல்வாள். கடைக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவார். ஒருநாள் அப்படி அடிக்குப் போனது, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதே இதழ். அந்த வாரம் அட்டையிலேயே என் பெயரைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஏனம்மா என்று கேட்டேன்.

"அது காலைலேர்ந்து மேலயே குந்திகினு இருக்குது சார். கீழ இருக்கிறது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

காய்கறிக்கடையில் தக்காளிக் கூடைகளையும் இப்படித்தான் மாற்றி வைப்பாள். கல்யாண வீட்டில் சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் போனால் அடுக்கின் நடுவிலிருந்துதான் உருவுவாள். மோட்டார் போடச் சொல்ல என் வீட்டுக்குள் வந்தவள், பேசிக்கொண்டே என் மேசையில் இருந்த புத்தகங்களின் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாள். அவளுக்கே தெரிந்திருக்காது. கை தன்பாட்டுக்குச் செய்கிறது.

மூன்று வருடமாக என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். இரண்டு அறைகளில் ஒன்று வீடு, மற்றது கடை. கடை என்றால் வாசற்பலகை, கல்லாப்பெட்டி எதுவும் கிடையாது. ஆர்.கே.பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் விசைத்தறி ஓட்டுகிற பதினோரு வீடுகளின் கட்டம் போட்ட லுங்கிகளை வாங்கி வந்து, படம் எடுத்து, இணையச் சந்தை ஒன்றில் போட்டு விற்கிறாள். வியாபாரி கேட்கிற விலைக்கே கொடுத்துப் பழகிய அந்தப் பதினோரு வீட்டுக்கும் வெளியுலகம் இந்த மாடியறைதான். கணவர் கௌதமன் காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவார். அவரைப் பற்றி எழுத வேறு யாராவது வேண்டும், நான் பார்த்ததே நாலைந்து தடவைதான்.

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அறையில் ஒரு நாற்காலி உண்டு, அதில் லுங்கிகள்தான் உட்கார்ந்திருக்கும். சாப்பாடு நின்றபடி. போன் பேசுவது நடந்தபடி. என் தலைக்கு மேலே அறையிலிருந்து பால்கனிக்குப் பதினாலு அடி, திரும்பப் பதினாலு அடி. கணக்கு தவறினால் யாரோ கோபமாகப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் காலடிச் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு எழுத்து ஓடமாட்டேன் என்கிறது.

லுங்கிகள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அதே கட்டம், அதே அளவு. ஒன்று கொஞ்சம் நீலம், ஒன்று இன்னும் கொஞ்சம் நீலம். அவளுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஓரத்தில் தன் அடையாளமாக ஓர் இழை விட்டிருப்பார். மணியம்மை வீட்டுக்கு இரண்டு வெள்ளை இழை. அக்கா தேவயானி வீட்டுக்கு ஒற்றைச் சிவப்பு. பங்காரு வீட்டுக்கு மஞ்சள். இழையைப் பார்க்கக்கூட வேண்டாம், விரலால் ஓரத்தைத் தடவியே வீட்டைச் சொல்லிவிடுவாள். நானும் இரண்டு தடவை அவள் கண்ணைக் கட்டிச் சோதித்துவிட்டேன். இரண்டு தடவையும் தோற்றது நான்தான்.

தொழிலை ஆரம்பித்தபோது பதினோரு வீட்டுப் படியும் ஏறி அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கு: "எல்லார் லுங்கியும் முன்னாடி வரும்." அதன்படி ஒவ்வொரு வீட்டு லுங்கிக்கும் தனித்தனிப் பக்கம் போட்டிருந்தாள்.

வாங்குகிறவன் பாடு என்ன என்று எனக்கு அனுபவம் உண்டு. ஒருநாள் மாடிக்குப் போகச் சோம்பல்பட்டு, அந்தச் சந்தையிலேயே ஒரு லுங்கி வாங்கப் பார்த்தேன். அவளுடையதே பதினொன்று வந்து நின்றது. விரலால் தள்ளத் தள்ள அதே லுங்கி. ஒன்றில் நாலு நட்சத்திரம், இன்னொன்றில் நாலரை. எதற்கு அந்த அரை நட்சத்திரம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் போனை வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் இதை வேடிக்கையாக அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்களே வாங்கலியா சார்?" என்று மட்டும் கேட்டாள். அன்று மேலே வெகுநேரம் நடை ஓயவில்லை.

சித்திரை மாதம் சந்தைக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. நான் அனுபவித்ததைத்தான் அவர்கள் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் பொருள்களுக்குத் தனித்தனிப் பக்கம் கூடாது, வாங்குகிறவர் குழம்புகிறார், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்க்கவும், முன்னால் ஒரு படம், மற்ற நிறங்கள் கீழே சின்னச் சதுரங்களாக. எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதை அவளிடம் சொல்லும் தைரியம்தான் இல்லை.

பதினோரு பக்கம் ஒரு பக்கமாயிற்று. முன்னால் ஒரு லுங்கி பெரிதாக, கீழே பத்து லுங்கிகள் நகத்தளவு. அந்தச் சதுரத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை என்று இரண்டு வாரத்தில் தெரிந்துபோனது. முன்னால் இருப்பது போகிறது, பின்னால் இருப்பது கிடக்கிறது.

இங்கேதான் மோகனப்ரியா ஒரு காரியம் செய்தாள். அவள் ஊரில் பத்து நாள் உற்சவம் நடந்தால் நாளுக்கு ஒரு வீட்டு உபயம். இன்று இவர்கள் முறை, நாளை அவர்கள் முறை, பெரிய வீடு சின்ன வீடு என்ற பேச்சே கிடையாது. அதையே இங்கும் செய்தால் என்ன என்று நாளைக்கு ஒரு வீடாக முன்படத்தை மாற்ற ஆரம்பித்துவிட்டாள். திங்கள் பங்காரு, செவ்வாய் மணியம்மை, புதன் அக்கா வீடு. காகிதத்தில் முறை எழுதிச் சுவரில் ஒட்டி, காலையில் பல் தேய்த்ததும் படத்தை மாற்றிவிடுவாள். பதினோரு வீட்டிலும் சந்தோஷம். அவளுடைய நடையில்கூட ஒரு துள்ளல் இருந்தது.

நாக்பூரிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை நீலத்தைப் பார்த்து வாங்கினார். செவ்வாய்க்கிழமை தன் போனைத் திறந்து பார்த்தால், வாங்கிய இடத்தில் காப்பி நிறம் நிற்கிறது. வியாழக்கிழமை பார்த்தால் ஊதா. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது நீலம். ஏதோ மோசடி என்று அவர் பயந்துபோய்த் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது தப்பு என்று யார் சொல்ல முடியும்? உற்சவ முறை நாக்பூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? அப்படியே முப்பது நாற்பது பேர். திரும்பி வந்த மூட்டைகள் என் மாடிப்படியில் அடுக்கி வைக்கப்பட்டன. அவளோ ஏறும்போதெல்லாம் மேல் மூட்டையை எடுத்து அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படத்தை முடிவாக வைக்கவும், அதன் பிறகு படம் மாறினால் பக்கமே எடுக்கப்படும்.

பக்கம் போனால் பதினோரு வீடும் பழையபடி வியாபாரியின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். ஒரு படத்தை வைத்தால் பத்து வீட்டுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. அந்த வாரம் என் தலைக்கு மேலே நடை நிற்கவே இல்லை. மாடிப்படியில் இறங்குவாள், பாதியில் நின்று திரும்ப ஏறுவாள். சந்தையின் உதவிப் பிரிவுக்குப் போன் செய்தபோது, அதிகம் விற்பதை முன்னால் வைத்துவிடுங்கள் மேடம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"அது மேல இருந்துச்சு, அத்தொட்டு வித்துச்சு. வித்துச்சுன்னு திரும்ப மேல வைக்கச் சொல்றாங்க. இது இன்னா சார் நாயம்?" என்று என்னிடம் வந்து கேட்டாள். இந்த ஊர் மலைக்குப் போய் முருகன் சந்நிதியில் சீட்டுப் போட்டு எடுத்துவிடேன் என்றேன்.

"முருகன் தலைல பழியப் போட்டுட்டு நான் ஜாலியா இருக்கறதா? படம் போடுறவ நான். திட்டும் நான்தான் வாங்கணும்."

தேவயானி தினமும் கூப்பிட்டாள். பள்ளிப்பட்டில் அவளுக்கும் அவள் கணவருக்கும் நாலு தறி, அவரை இருவரும் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் ஓட்டுவது மயில்கழுத்துப் பச்சை. பதினொன்றில் அதுதான் அழகு, என் கண்ணுக்கே தெரியும். போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டே மோகனப்ரியா நடந்ததால் முழுப் பேச்சும் என் காதில் விழுந்தது. "ஊர்ல எல்லாரும் இன்னா நினைச்சிகினு இருக்காங்க தெரியுமா? தங்கச்சி கையில இருக்குது, அக்காளுக்குச் செய்வாள்னு. நீ பாவாவுதப் போடலன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிகினு ஆடிக் கிருத்திகைக்கு உன் வூட்டுக்கு வர்றது?"

ஆடிக் கிருத்திகைக்கு அக்காளும் தங்கையும் மஞ்சள் புடவை கட்டிச் சேர்ந்து மலையேறாத வருடமே இல்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு மாடியில் நடை நின்றது. நின்றதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

புதன்கிழமை பதினோரு லுங்கிகளை ஒரு பெரிய பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பையின் இன்னொரு காதைப் பிடிக்க நானும் போனேன். பேருந்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஆர்.கே.பேட்டையில் பங்காரு வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். தரையில் பாயை விரித்துப் பதினொன்றையும் பரப்பினாள்.

"அண்ணே, உங்களுத விட்டுட்டுச் சொல்லுங்க. முன்னாடி எது இருக்கலாம்?"

பங்காரு குனிந்து பார்த்தார். மயில்கழுத்துப் பச்சையில் அவர் கண் நின்றதை நான் பார்த்தேன். கை மட்டும் அதைத் தாண்டிப்போய், மணியம்மை வீட்டுக் காப்பி நிறத்தைத் தொட்டது. "இது இருக்கட்டும்மா. கண்ண உறுத்தாது" என்றார்.

அடுத்த வீட்டிலும் காப்பி நிறம். அதற்கடுத்த வீட்டிலும். மூன்றாவது வீட்டில்தான் எனக்கு விளங்கியது. யாரும் அழகானதை எடுக்கவில்லை, தனக்குப் போட்டியாக வராததை எடுக்கிறார்கள். பதினொன்றில் மந்தமானது அதுதான், ஈரம் காயாத காப்பித்தூள் மாதிரி ஒரு நிறம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மணியம்மை ஒருத்திதான் வேறு மாதிரி. இரண்டே தறி, ஆள் துணை கிடையாது, ஐம்பது வயது. நேராகப் பச்சையை எடுத்து மடியில் விரித்துத் தடவினாள். "இதான் பாப்பா ஜோரா இருக்குது. உங்கக்கா வூட்டுதா? கை சுத்தம்" என்றாள். தன் காப்பி நிறத்தைத்தான் இதுவரை போன வீட்டிலெல்லாம் சொன்னார்கள் என்றதும் நம்பவே இல்லை. "என்ன வச்சிக் கிண்டல் பண்றியா?" என்றாள்.

கடைசியாகப் பள்ளிப்பட்டு. தேவயானி பாயில் விரித்ததைக் குனிந்தும் பார்க்கவில்லை. "என்னுத விட்டுட்டா? அப்ப என்னத்துக்கு என்னக் கேக்க வந்த? நீ எனக்குத் தங்கச்சியா, சைட்டுக்காரனுக்குத் தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாவா தறியைப் பார்த்தபடியே நின்றார். எங்களுக்கு அந்த வீட்டில் அன்று தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

ஒன்பது வீடு காப்பி, ஒன்று பச்சை, ஒரு வீட்டில் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்து, மணியம்மை வீட்டு லுங்கியைப் படம் எடுத்து ஏற்றினாள். ஏற்றிய கையோடு சுவரிலிருந்த முறைக் காகிதத்தைக் கிழிக்கப் போனவள், கிழிக்காமல் வந்துவிட்டாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே இருப்பது விற்கும். காப்பி நிறம் விற்றது. நாக்பூர், ராய்ப்பூர், கோழிக்கோடு எங்கே பார்த்தாலும் காப்பி நிறம். அழுக்கு தெரியாது, நல்ல நிறம் என்று யாரோ எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். மணியம்மையால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"என்கிட்ட இருக்கிறது ரெண்டு தறி பாப்பா. நான் இன்னா, உங்க மலை மேல இருக்கிறவரு மாதிரி பன்னண்டு கையா வச்சிகினு இருக்கேன்?"

முதலில் பங்காரு கூப்பிட்டார். தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முடிந்துவிட்டதாம், அடுத்த பாவு காப்பி நிறத்தில் ஏற்றலாமா என்று கேட்டார். மறுநாள் இன்னொரு வீடு. ஒரே வாரத்தில் எட்டு வீடு. கண்ணை உறுத்தாத நிறம் எல்லார் கண்ணையும் உறுத்த ஆரம்பித்திருந்தது.

மோகனப்ரியா யாருக்கும் பதில் சொல்லாமல் மணியம்மை வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். "கலர இன்னா என் பேருல எழுதியா வச்சிருக்கேன், போடச் சொல்லுன்னுச்சு சார். ஆனா ஒண்ணு சொல்லுச்சு. முறை முறைன்னு சொல்லிகினு இருந்தியே பாப்பா, அதுல என்ன விட்டுறாத, நான் ரெண்டு தறிக்காரின்னுச்சு." நாற்காலியின் மேலிருந்த லுங்கிகளை எடுத்து மறுபடி அதே நாற்காலியில் அடுக்கினாள்.

ஆடி மாதம் பிறந்தபோது மாடியறை முழுக்கக் காப்பி நிறம். சந்தைக்காரர்கள் கேட்ட எளிமை இதைவிட இனி முடியாது. அக்கா வீட்டுப் பச்சை ஒன்றைத் தவிர எல்லாக் கட்டமும் ஒரே கட்டமாகிவிட்டது, அதையும் தொட்டுப் பார்ப்பார் இல்லை. கீழே இருந்த சதுரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த மயில்கழுத்துப் பச்சையை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கட்ட மனம் வரவில்லை. ஆனால் மோகனப்ரியா வருத்தப்பட்டு நிற்கவில்லை. படம் ஒன்றுதான், மாற்றவும் முடியாது. அனுப்புகிற லுங்கி யார் வீட்டது என்று நாக்பூர்க்காரருக்குத் தெரியாது. சுவரிலிருந்த பழைய காகிதத்தின்படி வீட்டுக்கு ஒன்றாக அடுக்கி, மேலிருந்து எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். உற்சவம் படத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

தேவயானி மட்டும் பேசவில்லை. ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஆடிக் கிருத்திகையன்று ஊரே மஞ்சளாக இருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரை காவடி. காலையிலிருந்தே மோகனப்ரியா பால்கனிக்கும் படிக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொள்ளும், பத்து மணிக்கே வந்துவிடுவேன் என்று கூரியர்காரர் சொல்லியிருந்தார். அவரைத்தான் பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தேன். ஒன்பதரைக்குத் தெருமுனையில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, தலையில் ஒரு மூட்டையுடன் தேவயானி வருவது தெரிந்ததும் அவள் படியில் இறங்கிய வேகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. சிமெண்டுப் படி, விழுந்தால் பல் போயிருக்கும்.

மூட்டையை வாங்கி நான்தான் மேலே கொண்டுபோய் வைத்தேன். தேவயானி பிரித்தாள். பத்து லுங்கி, காப்பி நிறம், ஓரத்தில் ஒற்றைச் சிவப்பு இழை. தறியிலிருந்து பச்சைப் பாவு நூலை இறக்கிவிட்டார்கள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"பாவா போன வாரமே ஏத்திட்டாரு. நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தோம், நீ சொல்லல" என்றாள். பத்தையும் தட்டிச் சரிசெய்து, நாற்காலியில் இருந்த அடுக்கின் உச்சியில் தானே வைத்தாள். உள்ளங்கையை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்திருந்தாள். "கூரியரு வந்தா இதத்தான் மொதல்ல குடுக்கணும், ஆங்?"

"ஆங்க்கா" என்றாள் மோகனப்ரியா. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அக்காவின் நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தைச் சரிசெய்தாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டாள். நாஷ்டா பண்ணினியா என்று கேட்டாள். வாசலில் கூரியர்காரரின் ஹாரன் சத்தம் கேட்டது.

பேச்சு நிற்கவில்லை. கேட்டுக்கொண்டே நாற்காலியிடம் வந்தாள். அன்று முறை யாருடையது என்று சுவரைப் பார்க்கவும் இல்லை, அக்காவின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. வலது கையால் உச்சியில் இருந்த பத்தையும் சேர்த்து எடுத்தாள். இடது கையால் மீதி அடுக்கைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பத்தையும் அடியில் செருகினாள். மேலே வந்த லுங்கியின் ஓரத்தில் மணியம்மை வீட்டு இரண்டு வெள்ளை இழைகள் இருந்தன. அதை எடுத்து உறைக்குள் போட்டாள்.